ஆண்பிள்ளை கோர்த்த மணித்திரை

எங்கள் வீட்டு உள்சுவருக்கு நீலம் அடித்தது நான். நடுவாசலில் சேவலைத் தொங்கவிட்டதும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது வந்து வேறு பெயர் சொன்னால் நம்ப வேண்டாம். ஒருமுறை அப்படி நடந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பா, நான், என் தங்கை, மூன்றே பேர். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே இறந்துபோனாள். அப்பா விவசாயி. அவருக்கு வீடு என்பது மழைக்கு ஒதுங்கவும் நெல்லைக் கொட்டிவைக்கவும் ஆன இடம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளை அடித்து, கீழே ஒரு காவிப் பட்டை இழுத்துவிட்டால் அவர் கடமை முடிந்தது. ஊரில் எல்லா வீடும் அதே வெள்ளை, அதே காவி. தவறிப்போய் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தாலும் வித்தியாசம் தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது. அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

பொன்னமராவதிக் கடைத்தெருவில் ஒரு வளையல் கடையில் எனக்கு வேலை. வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, கைக்கண்ணாடி, பாசிமணி எல்லாம் விற்கும் கடை. நாள் முழுக்க நிறங்களுக்கு நடுவில் இருந்துவிட்டு, சாயங்காலம் வெள்ளையும் காவியுமான வீட்டுக்குத் திரும்பி வருவேன். ஒரு பொங்கலுக்கு அப்பா காட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சுண்ணாம்பில் சலவை நீலத்தைத் தாராளமாகக் கலந்து உள்சுவர் முழுக்க அடித்துவிட்டேன். விளக்கு மாடத்தைச் சுற்றி, சுண்ணாம்பு காய்வதற்குள், உடைந்த வளையல் துண்டுகளை வரிசையாகப் பதித்தேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. விளக்கு ஏற்றினால் துண்டுகள் மினுங்கும்.

அப்பா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா இது?"

"நீலம்ப்பா. நல்லாத்தான இருக்கு."

"ஆம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"ஆம்பளைக்கும் கண்ணு ரெண்டு இருக்குல்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அடிக்கவில்லை. மீசை முளைத்த மகனை அடித்தால் ஊர் சிரிக்கும் என்று விட்டிருப்பார்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு நேர்மாறு. வண்டி பூட்டுவாள், கமலை மாட்டை ஓட்டித் தண்ணீர் இறைப்பாள், முரட்டுக் காளை அவள் அதட்டினால் நிற்கும். ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பாவாடை கிழிந்தால் தைக்க என்னிடம்தான் கொண்டுவருவாள். நான் தைத்துக் கொடுப்பேன். அவள் என் பங்குக்கும் சேர்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். எங்கள் இருவருக்கும் இதில் எந்த வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அப்பாவுக்குத்தான்.

கடைக்கு மணி சரம் சரமாக வரும். வழியில் நூல் அறுந்து, எல்லா நிறமும் கலந்துபோன மணியை யாரும் வாங்கமாட்டார்கள். முதலாளி அதையெல்லாம் ஒரு தகர டின்னில் போட்டு மூலையில் தள்ளிவைத்திருந்தார். ஒருநாள், "இடத்த அடைக்குது, நீ வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார். அன்றே தூக்கிக்கொண்டு வந்தேன். முறத்தில் கொட்டி நிறம் நிறமாகப் பிரிக்கவே பல சாயங்காலங்கள் ஆயின.

நடுவாசலுக்கு ஒரு மணித்திரை கோர்ப்பது என்று முடிவு செய்தேன். கடையில் இருந்த மாதிரிப் படங்களில் எல்லாம் அன்னம், கிளி, தாமரை. எங்கள் தெருவில் அன்னத்தைக் கண்டவன் எவன்? நான் சேவலை எடுத்துக்கொண்டேன். சிவப்புக் கொண்டை, கரும்பச்சை வால், நெஞ்சை நிமிர்த்திக் கூவுகிற சேவல். கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டு, நூல் நூலாகக் கோர்க்க வேண்டும். நூல்களை வரிசையாகக் கம்பில் கட்டித் தொங்கவிட்டால் படம் தெரியும். முதல் தடவை அவசரத்தில் எல்லா நூலையும் அடியிலிருந்து கோர்த்துவிட்டேன். தூக்கிக் கட்டினால் சேவல் தலைகீழாகத் தொங்கியது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கறிக்கடைச் சேவலாட்டம் இருக்குண்ணே."

எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கோர்த்தேன். இரண்டாவது தடவை சேவல் நேராக நின்றது. யாராவது உள்ளே நுழைந்தால் சேவல் சிதறிப் போகும். அவர்கள் போன பின், மணிகள் ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி சேவலாகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் காரணமில்லாமல் உள்ளேயும் வெளியேயும் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் எதிலும் கிடைத்ததில்லை.

மாடு பார்க்க வந்த ஒருவர்தான் முதலில் கேட்டார், "இது யாரு செஞ்சது?" என்று. அப்பா கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னார்.

"எம் மக செஞ்சது."

நான் பின்கட்டில் இருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு வந்து, "நான்தாங்க செஞ்சேன்" என்றேன். வந்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். அதோடு முடிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு முட்டாளைப்போல் நின்றது நான்தான்.

அவர் போன பிறகு அப்பாவைக் கேட்டேன்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"மகன் ஊசி புடிக்கிறான்னு என் வாயால சொல்லச் சொல்றியா? அவளுக்கும் ஒரு நல்ல பேரு கெடச்சாச் சரி. வண்டி ஓட்டுற புள்ளைய எவன்டா கட்டுவான்?"

யோசித்துப் பார்த்தால் அப்பா கெட்டிக்காரர். ஒரே பொய்யில் இரண்டு பிள்ளைகளையும் சரிசெய்துவிட்டார். பெண் பெண்ணாகிவிட்டாள், ஆண் ஆணாகிவிட்டான். ஊருக்கும் அது தோதாக இருந்தது. நான் கேட்டவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. தங்கையை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான், நல்ல பையன் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னும் இரண்டு மாடத்துக்கு வளையல் துண்டு பதித்தேன்.

சேவலின் புகழ் கறம்பக்குடிவரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு குடும்பம் தங்கையைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூட வந்த சில உறவினர்கள். பெண் பிடித்து, பேச்சு முடிந்தால்தான் எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோவார்கள். அதனால் அப்பா சமையலையும் பொய்யையும் சேர்த்தே தயாராக வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா பெரிய ஆகிருதி. வந்தவள் பெண்ணைப் பார்க்கும் முன் திரையைப் பார்த்தாள். ஒரு நூலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, என்னா பொறுமை. இது பொண்ணு கோத்ததா?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

"இல்லைங்க, நான் கோத்தது" என்றேன் நான்.

கூடம் சிரித்தது. மாப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். அவருடைய அம்மா, "மச்சானாகப் போறவரு, இப்பவே கேலிய ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். நான் விடவில்லை. "கேலி இல்லைங்க, நெசமாத்தான்" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணின் அண்ணனும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வது வழக்கம். முறை இருக்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம். நான் முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டேனோ அவ்வளவு நல்ல கேலிக்காரன் ஆனேன். எல்லோரும் திருப்தியாகக் கை நனைத்தார்கள். கல்யாணம் உறுதியாயிற்று.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள்.

"சீர் வரிசையில நீங்க எது வச்சாலும் சரி. எங்க வீட்டு வாசலுக்கு இதே மாதிரி ஒரு சேவல் மட்டும் வந்துரணும். மருமக கையால. எங்க தெருவுல சொல்லிருவேன் நான்."

அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அந்த வீட்டுல எத்தனை வாசப்படி இருக்கும்?"

"பெரிய வீடுன்னுதான் சொன்னாங்க. ஏன்?"

"வாசப்படிக்கு ஒண்ணு கேட்டா நான் என்ன செய்றது? ஊசியக் குடுத்து உக்கார வைப்பாங்க. அன்னைக்கே வண்டவாளம் தெரிஞ்சிரும். அப்பறம் காலம் பூரா நான் பொய் சொல்லி வந்தவ."

"கல்யாணத்த நிறுத்திரச் சொல்லட்டுமா?"

"வேணாம். அந்த ஆள எனக்குப் புடிச்சிருக்கு. நம்ம காளையப் பாத்து, யாரு பழக்குனதுன்னு கேட்டாரு. நான்தான்னேன். சிரிக்கல. ஒரு தடவை என்னைப் பாத்தாரு, அம்புட்டுத்தான். கல்யாணம் வேணும்ணே. பொய்தான் வேணாம்."

போய்ச் சொல்லிவிடலாம் என்றால், யார் சொல்வது? நான் சொன்னால் கேலி. அவள் சொன்னால் வெட்கம் என்பார்கள். இருவரும் யோசித்தோம். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"ஒன் பேரப் போட்டுருண்ணே. சேவலுக்குக் கீழ, எல்லாருக்கும் தெரியிற மாதிரி."

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. வாயால் சொன்னால்தானே சிரிக்கிறார்கள். மணியில் கோர்த்துவிட்டால் என்ன செய்வார்கள்?

கல்யாணத்துக்கென்று முதலாளி கலக்காத புது மணிச் சரங்களைக் கொடுத்தார். புதுச் சேவல் பழையதைவிடக் கம்பீரமாக வந்தது. காலுக்குக் கீழே ஒவ்வொரு நூலிலும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, அதற்கும் கீழே வெள்ளை மணிக்கு நடுவில் கருநீலத்தில் என் பெயர். மூன்றெழுத்துத்தான். ஒளித்துச் செய்யவில்லை. கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, போவோர் வருவோர் பார்க்கவே கோர்த்தேன்.

அப்பா பார்த்தார்.

"அத எடுத்துரு."

"எடுக்க மாட்டேன்."

"ஒன் தங்கச்சி வாழ்க்கைடா."

"அவதான்ப்பா போடச் சொன்னா."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தொட்டியில் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டே, "ஆமாப்பா" என்றாள். அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்பாவோடு இத்தனை வருஷம் இருந்தும் அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில். பந்தல் போட்டு, காலையிலேயே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் சீர் பரப்ப வேண்டும். பந்தல் நடுவில் பாய் விரித்துப் பாத்திரம், பண்டம், தலையணை, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் இரண்டு ஊரும் பார்க்க அடுக்கினோம். கடைசியாகப் பெட்டியிலிருந்து திரையை எடுத்து, சுருளைப் பிரித்தேன். சேவல் இருந்தது. கொண்டை இருந்தது. கால் இருந்தது. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. முடிச்சுக்கு ஒரு விரற்கடை கீழே எல்லா நூலும் ஒரே மட்டத்தில் நறுக்கப்பட்டிருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா பந்தல்காலில் ஏற்கெனவே கட்டியிருந்த வாழைமரத்தை மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா திரையை என் கையிலிருந்து வாங்கி, தன் ஊர்ப் பெண்களுக்கு உயர்த்திக் காட்டினாள்.

"பாத்தீங்களா, எம் மருமக கைவேலை."

முகூர்த்தப் புடவையில் உள்ளே உட்கார்ந்திருந்த தங்கை இதைப் பார்த்துவிட்டாள். யாரும் தடுப்பதற்குள் எழுந்து பந்தலுக்கு வந்தாள். நறுக்கிய நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அத்தை, எனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. இது எங்கண்ணன் செஞ்சது. அவரு பேரு இருந்துச்சு, அறுத்துட்டாங்க."

"வெக்கத்தப் பாரு புள்ளைக்கு" என்றாள் ஒருத்தி. "அண்ணன் மேல அம்புட்டுப் பாசம்" என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு. தங்கையின் கண் கலங்கியது. முரட்டுக் காளை முட்டித் தள்ளியபோதுகூட அழாதவள் அவள்.

நான் உள்ளே போனேன். என் டின்னையும் ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். சீர்த் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். திரையை மடியில் போட்டு, நறுக்கிய முதல் நூலோடு புது நூலை முடிந்து, மணியைக் கோர்க்க ஆரம்பித்தேன். வெள்ளை, வெள்ளை, கருநீலம், வெள்ளை. கோபம் வந்தால் எனக்குக் கை நிதானமாகிவிடும்.

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக நின்றது. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். புது வேட்டி கட்டிய ஒரு ஆண்பிள்ளை, பட்டப்பகலில், இரண்டு ஊர்ச் சனத்துக்கு நடுவில் மணி கோர்ப்பதை எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் வேண்டுமென்றே கையை உயர்த்தி வைத்துக்கொண்டேன்.

"எந்திரிடா" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது.

"பேரு முடியட்டும்ப்பா."

ஐயர் மணவறையிலிருந்து நேரம் ஆகிறது, பெண்ணை அழைத்து வாருங்கள் என்றார். தங்கை நகரவில்லை.

"அண்ணன் முடிக்கட்டும். அப்பறம் வாரேன்."

அப்போது எனக்குப் பயம் வந்தது. என் பெயருக்காக என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்று பயந்தேன். ஆனாலும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் அவள் அந்தப் பொய்யோடுதான் வண்டி ஏறியிருப்பாள். அது பயத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். என் விரலையே பார்த்தாள். ஒரு எழுத்து முடியும்வரை அப்படியே நின்றாள்.

"நெசமாவே நீதானா?"

"மொத நாளே சொன்னேனே அத்தை."

அவள் முகம் சிவந்துபோனது. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கூட வந்த பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை மணவறையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. தங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க என் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். டின்னைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அடுத்து என்ன நெறம்?"

"கருநீலம்" என்றேன்.

"இந்தா. வெரசாக் கோரு. நேரம் தப்புனா எம் மகனுக்குத்தான் நட்டம். ஒங்கப்பாவ நான் பெறகு பாத்துக்கிறேன்."

டின்னில் மிச்சமாகக் கலந்து கிடந்த மணியிலிருந்து அவள் பொறுக்கி உள்ளங்கையில் வைக்க வைக்க, நான் ஊசியால் எடுத்துக் கோர்த்தேன். அப்பா பந்தலை விட்டு இறங்கிக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். தாலி கட்டும்போது வந்து நின்றார். அதற்குப் பிறகும் சாகும்வரை அந்தத் திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நூலை நறுக்கியதற்கு எனக்கு அவர்மேல் உள்ள கோபமும் இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

கடைசி எழுத்தின் கடைசி மணியைக் கோர்த்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன். திரையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். மணவறைக்கு நடக்கும்போது என் காதருகில் சொன்னாள்.

"இனி அந்த வீட்டுல யாரும் என் கையில ஊசியக் குடுக்க மாட்டாங்கண்ணே."